பி.டி.ஓ. ஓடவில்லையா? மின்சாரப் பழுதை வரிசையாகத் தேடும் வழி

லாரி ஸ்டார்ட் ஆகிறது, லைட் எரிகிறது, ஹாரன் அடிக்கிறது. பி.டி.ஓ. (பவர் டேக் ஆஃப், அதாவது இன்ஜின் பலத்தை எடுத்து பம்ப் போன்றவற்றைச் சுற்றவைக்கும் அமைப்பு) சுவிட்சைப் போட்டால் மட்டும் எதுவும் நடப்பதில்லை. டிப்பர் தொட்டி தூக்காது, கிரேன் கை அசையாது, டேங்கர் பம்ப் சுற்றாது. இந்த இடத்தில் பலர் நேராகச் சோலினாய்டு வால்வை (கரண்ட் வந்ததும் காந்தத்தால் திறக்கும் வால்வு) மாற்றிவிடுவார்கள். அதில் சரியாகவில்லை என்றால் ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்), அப்புறம் சுவிட்ச், கடைசியில் பி.டி.ஓ.வையே கியர்பாக்ஸிலிருந்து இறக்கிவிடுவார்கள். இறக்கிப் பிரித்தால் உள்ளே எல்லாம் நன்றாக இருக்கும். பழுது சேஸிஸில் மண்ணும் துருவும் மூடிய ஒரு எர்த் போல்ட்டில் (கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் இணைப்பு) இருக்கும்.

கரண்ட் எதுவரை வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்று அளந்துகொண்டே போனால் இத்தனை அலைச்சல் தேவையில்லை. மல்டிமீட்டரில் வோல்ட், ஓம் இரண்டும் பார்க்கத் தெரிந்த யாரும் இதைச் செய்யலாம்.

சர்க்யூட் எப்படிப் போகிறது

பெரும்பாலான லாரிகளில் பி.டி.ஓ. கியர்பாக்ஸின் பக்கவாட்டிலோ பின்பக்கத்திலோ போல்ட் போட்டுப் பொருத்தப்பட்டிருக்கும். உள்ளே இருக்கும் பல்சக்கரம் கியர்பாக்ஸோடு சேரும்போது ஹைட்ராலிக் பம்ப் சுற்றும். சேர்த்துவிடும் பலம் மின்சாரத்துடையது அல்ல. மேனுவல் கியர்பாக்ஸில் பொதுவாக ஏர் பிரஷர் அந்த வேலையைச் செய்யும். ஆட்டோமேட்டிக்கில் ஆயில் பிரஷர் ஒரு கிளட்சை அழுத்திப் பிடிக்கும். அந்தக் காற்றுக்கோ ஆயிலுக்கோ வழி திறந்துவிடுவது மட்டும்தான் சோலினாய்டின் வேலை. இன்ஜின் முன்பக்கத்தில் பெல்ட்டால் ஓடும் சில பம்புகளில் காந்த கிளட்ச் இருக்கும். அங்கே மின்சாரமே நேரடியாகப் பிடிப்பதால் கரண்ட் அதிகம் இழுக்கும், ஒயரும் தடிமனாக இருக்க வேண்டும்.

பேட்டரியிலிருந்து ஃபியூஸ், அங்கிருந்து டேஷ்போர்டு சுவிட்ச், அப்புறம் பாதுகாப்பு சுவிட்சுகள், ரிலே, சோலினாய்டு, கடைசியில் எர்த். பழைய லாரிகளில் பாதை இவ்வளவுதான். பாதுகாப்பு சுவிட்சுகள் என்றால் நியூட்ரல் சுவிட்ச், பார்க்கிங் பிரேக் சுவிட்ச், கிளட்ச் பெடல் சுவிட்ச் போன்றவை. இவற்றில் ஒன்று திறந்திருந்தாலும் சோலினாய்டுக்குக் கரண்ட் போகாது.

இதோடு தனியாக இன்னொரு சர்க்யூட் உண்டு. பி.டி.ஓ. உண்மையில் சேர்ந்துவிட்டது என்று கேபினுக்குச் சொல்லும் சிக்னல். பி.டி.ஓ. உடம்பில் திருகியிருக்கும் ஒரு சிறிய சுவிட்சிலிருந்து இது வரும். சில வண்டிகளில் டேஷ்போர்டு விளக்கு இந்தச் சிக்னலால் எரியும். வேறு சிலவற்றில் சுவிட்சைத் தட்டினாலே விளக்கு எரிந்துவிடும், பி.டி.ஓ. சேர்ந்ததா இல்லையா என்று அதற்குத் தெரியாது. உங்கள் வண்டி எந்த வகை என்று ஒயரிங் படத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் விளக்கை நம்பி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

கை வைக்கும் முன்

பி.டி.ஓ. ஷாஃப்ட் சுற்றும்போது ஒரு சட்டை நுனி, ஒரு ஒயர் துண்டு மாட்டினாலும் ஆளை உள்ளே இழுத்துவிடும். உதறிக்கொண்டு விலக நேரம் இருக்காது. இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். இன்ஜின் ஓடும்போது வண்டிக்கு அடியில் போகவே கூடாது. நல்ல வேளையாக, மின்சாரச் சோதனையில் ஏறக்குறைய எல்லாவற்றையும் இன்ஜினை நிறுத்திவிட்டு, சாவியை மட்டும் ஆன் செய்தே முடித்துவிடலாம்.

பார்க்கிங் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். டிப்பர் தொட்டி தூக்கிய நிலையில் நின்றுவிட்டால் அதற்குரிய தாங்குகோலை நிறுத்தாமல் கீழே தலையை நீட்டக் கூடாது. ஹைட்ராலிக் சிலிண்டர் பிடித்திருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். நீங்கள் சோதிக்கப்போவதே அந்த அமைப்பின் வால்வைத்தான். சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்கட்டும், அல்லது கேபினில் நீங்கள் நம்பும் ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும்.

டிரைவர் சொல்வதைக் கேளுங்கள்

மீட்டரை எடுக்கும் முன் டிரைவரிடம் நன்றாகக் கேளுங்கள். திடீரென்று நின்றதா, விட்டுவிட்டு வருகிறதா? காலையில் ஓடி மதியம் நிற்கிறதா? வண்டி கழுவிய பிறகா? கேபினைச் சாய்த்து வேலை பார்த்த பிறகா? புதிதாக ஏதாவது லைட், கேமரா, ஜி.பி.எஸ். மாட்டினார்களா? இதற்கு வரும் பதிலே பாதி நேரம் ஒயரின் எந்தப் பகுதியில் தேட வேண்டும் என்று காட்டிவிடும்.

அடுத்து, விளக்கையும் பம்பையும் சேர்த்துப் பாருங்கள். பி.டி.ஓ. உடம்பிலிருந்து சிக்னல் வரும் வகை வண்டி என்று வைத்துக்கொள்வோம். விளக்கு எரிகிறது, பம்ப் சுற்றவும் செய்கிறது, ஆனால் தொட்டி தூக்கவில்லை என்றால் பழுது ஹைட்ராலிக்கில், மின்சாரத்தில் தேடாதீர்கள். விளக்கு எரியவில்லை, ஆனால் பம்ப் வேலை செய்கிறது என்றால் சிக்னல் சுவிட்சும் அதன் ஒயரும் மட்டும்தான் சந்தேகத்துக்குரியவை. இரண்டும் இல்லை என்றால் மின்சாரமாகவும் இருக்கலாம், காற்றாகவும் இருக்கலாம்.

அதைப் பிரித்தறிய ஒரு எளிய வழி இருக்கிறது. ஏர் பிரஷர் மீட்டரில் முள் முழு அளவுக்கு வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிரஷர் குறைவாக இருந்தால் பிரேக்குக்குக் காற்றை மிச்சம் வைப்பதற்காகப் பாதுகாப்பு வால்வு மற்ற லைன்களை அடைத்துவிடும். அப்போது மின்சாரம் ஒழுங்காக இருந்தாலும் பி.டி.ஓ. சேராது. பிரஷர் சரி என்றால் இன்ஜினை நிறுத்தி, சாவியை ஆன் செய்து, ஒருவர் சுவிட்சைத் தட்ட, நீங்கள் சோலினாய்டு பக்கத்தில் காதை வையுங்கள். 'டிக்' என்ற சத்தமும் காற்று பாயும் சத்தமும் வர வேண்டும். சத்தம் கேட்காத இரைச்சலான இடமாக இருந்தால் காயிலின் (சோலினாய்டின் கம்பிச் சுருள்) நடுவில் இருக்கும் நட்டுக்கு அருகே ஒரு சிறிய ஸ்க்ரூ டிரைவரின் முனையைக் கொண்டுபோங்கள். கரண்ட் வந்தால் காந்தம் பிடித்து இழுப்பது கைக்குத் தெரியும்.

பல ஏர் சோலினாய்டுகளில் கையால் அழுத்தும் சிறு பட்டன் ஒன்று இருக்கும். இன்ஜின் நின்றிருக்கும்போது அதை அழுத்தினால் காற்று போய் பி.டி.ஓ. சேரும் சத்தம் கேட்கிறதா? கேட்டால் காற்றுப் பக்கம் நலம், பழுது மின்சாரத்தில்தான். பல்லும் பல்லும் நேருக்கு நேர் நின்றால் சில சமயம் உடனே சேராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாதுகாப்பு நிபந்தனைகள்

பழுது என்று கொண்டுவரப்படும் வண்டிகளில் கணிசமானவை பழுதே இல்லாதவை. பார்க்கிங் பிரேக் முழுதாகப் போடப்பட்டிருக்காது, கியர் நியூட்ரலில் இருக்காது, கிளட்சை முழுக்க மிதித்திருக்க மாட்டார்கள், இன்ஜின் வேகம் அனுமதித்த அளவுக்கு மேல் இருக்கும். வண்டியின் கையேட்டில் பி.டி.ஓ. சேர என்னென்ன நிபந்தனைகள் என்று எழுதியிருக்கும். ஒவ்வொன்றாக நிறைவேற்றிப் பாருங்கள். டேஷ்போர்டில் பார்க்கிங் பிரேக் விளக்கு எரிகிறதா, கியர் காட்டியில் நியூட்ரல் வருகிறதா என்பதும் இலவசமான சோதனைதான். விளக்கே எரியவில்லை என்றால் அந்த சுவிட்சிலிருந்து ஆரம்பிக்கலாம்.

மீட்டரும் டெஸ்ட் லேம்ப்பும்

புதிதாக வருபவர்கள் மல்டிமீட்டர் 24 வோல்ட் காட்டிவிட்டால் கரண்ட் வந்துவிட்டது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். மீட்டர் தன் வழியே கிட்டத்தட்ட கரண்டே விடாது. ஒயருக்குள் பத்து இழை அறுந்து ஒரே இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும், கனெக்டர் பின் பாசி பிடித்திருந்தாலும் அது முழு வோல்ட்டைக் காட்டும். சோலினாய்டை மாட்டியவுடன் அந்த வோல்ட் விழுந்துவிடும். அதனால் லோடு (சோலினாய்டு போலக் கரண்ட் இழுக்கும் பொருள்) மாட்டிய நிலையில்தான் அளக்க வேண்டும். கனெக்டரைக் கழற்றி வெறும் பின்னில் அளப்பதை விட, மாட்டியபடியே வைத்து, பின்பக்கமாக மெல்லிய ஊசி முனையை உள்ளே விட்டு அளப்பது சரியான முறை. ஒயரின் மேலுறையைக் குத்தி அளக்காதீர்கள். அந்தச் சின்ன ஓட்டை வழியே தண்ணீர் இறங்கி, சில மாதங்களில் உள்ளே செம்பு பச்சையாகிப் பொடியாகும்.

21 வாட் பல்ப் ஒன்றில் இரண்டு ஒயர் இணைத்து டெஸ்ட் லேம்ப்பாக வைத்துக்கொள்ளுங்கள். 24 வோல்ட்டில் அது 1 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். சோலினாய்டும் ஏறக்குறைய அந்த அளவுதான் இழுக்கும் என்பதால் ஒயரின் உண்மையான பலத்தை இது சொல்லிவிடும். ஆனால் இ.சி.எம்.முக்கு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி) நேராகப் போகும் சிக்னல் ஒயர்களில் இந்த பல்பை வைக்கவே கூடாது. உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் அந்தக் கரண்டைத் தாங்காமல் போகலாம். அங்கே மல்டிமீட்டர் மட்டும்.

சோலினாய்டிலிருந்து தொடங்குங்கள்

ஃபியூஸிலிருந்து தொடங்கி ஒவ்வொரு அடியாகப் போவதை விட, சோலினாய்டில் ஆரம்பிப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. அங்கே எடுக்கும் ஒரே அளவு, தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

சாவி ஆன், பி.டி.ஓ. சுவிட்ச் ஆன், கனெக்டர் மாட்டியபடி. காயிலின் இரண்டு பின்களுக்கும் நடுவே அளங்கள். பேட்டரி வோல்ட்டுக்கு அருகில் வந்தும் காந்தம் இழுக்கவில்லை என்றால் காயில் போய்விட்டது, அல்லது உள்ளே இருக்கும் தண்டு இறுகிவிட்டது. சாவியை ஆஃப் செய்து, கனெக்டரைக் கழற்றி, காயிலின் ஓம் அளவைப் பாருங்கள். காயில் மேலேயே வாட் எழுதியிருக்கும். 18 வாட் என்றால் 24 வோல்ட்டில் 0.75 ஆம்பியர், அதாவது 32 ஓம். அதே 18 வாட் 12 வோல்ட் காயிலில் 8 ஓம்தான் இருக்கும். எல்லையில்லாத ஓம் காட்டினால் அறுந்திருக்கிறது. ஒன்றிரண்டு ஓம் மட்டும் காட்டினால் உள்ளே ஷார்ட். காயிலுக்குக் குறுக்கே டயோடு (கரண்டை ஒரே திசையில் விடும் பாகம்) வைத்த வகையாக இருந்தால் மீட்டர் முனைகளை மாற்றி வைத்தும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். அந்த வகையில் பிளஸ், மைனஸ் மாறினால் டயோடு நேரடி ஷார்ட் ஆகி ஃபியூஸ் போய்விடும்.

வோல்ட் குறைவாக வந்தால் கதை வேறு. இதை எண்களோடு பார்ப்போம், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் பயன்படுவது இந்தச் சோதனைதான்.

சோதனை நடக்கும் நேரத்தில் பேட்டரியில் 24.9 வோல்ட் இருக்கிறது. காயிலின் இரண்டு பின்களுக்கு நடுவே 19.6 வோல்ட்தான் வருகிறது. 5.3 வோல்ட் வழியில் எங்கோ தொலைந்திருக்கிறது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் மறுமுனையைக் காயிலின் பிளஸ் பின்னிலும் வையுங்கள். 0.6 காட்டுகிறது. ஃபியூஸ், சுவிட்ச், ரிலே எல்லாம் சேர்ந்து இவ்வளவு என்றால் அது பெரிய குற்றமில்லை. இப்போது காயிலின் மைனஸ் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே அளங்கள். 4.7 வோல்ட். எர்த் பக்கம் கால் வோல்ட்டுக்கு மேல் விழவே கூடாது. ஆக, திருடன் எர்த் பாதையில் இருக்கிறான். மைனஸ் முனையைப் பேட்டரியிலேயே வைத்துக்கொண்டு, மற்ற முனையை சேஸிஸ் இரும்பில் வையுங்கள்: 0.05. எர்த் போல்ட்டின் தலையில்: 0.1. அந்த போல்ட்டில் மாட்டியிருக்கும் ஒயர் முனையில், உலோகம் தெரியும் இடத்தில்: 4.7. போல்ட்டுக்கும் ஒயர் முனைக்கும் நடுவில்தான் அத்தனை வோல்ட்டும் போகிறது.

கழற்றிப் பார்த்தால் முனைக்கு அடியில் சேஸிஸ் பெயிண்ட் அப்படியே இருக்கும், அதன் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கும். பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளபளக்கும் வரை தேய்த்து, புது முனை கிரிம்ப் செய்து (கருவியால் அழுத்தி இறுக்கி), பல்வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். திரும்ப அளந்தால் எர்த் பக்கம் 0.1 வோல்ட்டுக்குள் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

வோல்ட்டே வரவில்லை என்றால்

பிளஸ் பக்கம் பின்னோக்கிப் போங்கள். ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்லாதீர்கள். அதன் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் டெஸ்ட் லேம்ப் எரிய வேண்டும். அப்புறம் ரிலே. அதன் கால்களில் 30, 85, 86, 87 என்று எண்கள் இருக்கும். 30-ல் எப்போதும் சப்ளை வரும், 87 வழியே சோலினாய்டுக்குப் போகும். 85, 86 இரண்டும் ரிலேயின் சொந்தக் காயில். சுவிட்ச் போட்டதும் 85-க்கும் 86-க்கும் நடுவே முழு வோல்ட் வந்தால் சுவிட்சும் பாதுகாப்பு சுவிட்சுகளும் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. வராவிட்டால் அந்தப் பக்கம் தேட வேண்டும்.

ரிலே 'டிக்' அடிக்கிறது, அதனால் நல்ல ரிலே என்பது நிச்சயமில்லை. சத்தம் வருவது காந்தத்திலிருந்து, உள்ளே இருக்கும் காண்டாக்ட் கருகியிருக்கலாம். ஆன் நிலையில் 30-க்கும் 87-க்கும் நடுவே அளந்தால் 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதே வோல்ட், அதே கால் அமைப்பு உள்ள வேறு ரிலேயை மாற்றிப் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

பாதுகாப்பு சுவிட்சுகளைச் சோதிக்கும்போது சிலர் ஒரு துண்டு ஒயரால் இணைத்துப் பார்ப்பார்கள். இன்ஜின் நின்றிருக்கையில் சில நொடி அப்படிப் பார்த்துவிட்டு உடனே எடுப்பது சோதனை. அப்படியே விட்டுவிட்டு வண்டியை அனுப்புவது யாரோ ஒருவர் உயிரோடு விளையாடுவது. பார்க்கிங் பிரேக் போடாத டிப்பர் தொட்டியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தால் மேலே மின்கம்பி இருக்கலாம், பாலம் இருக்கலாம். அந்தச் சுவிட்ச் கிடைக்கும்வரை வண்டி நிற்கட்டும்.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால்

பெரிய ஃபியூஸ் போடாதீர்கள், ஒயர் எரியும். ஃபியூஸ் இருக்கும் இடத்தில் அந்த 21 வாட் பல்பை இணையுங்கள். ஷார்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், ஒயருக்கு ஆபத்தில்லை. இப்போது சோலினாய்டு கனெக்டரைக் கழற்றுங்கள். பல்ப் அணைந்தால் ஷார்ட் காயிலில். அணையாவிட்டால் ஒயரில். ஒயர் கட்டைக் கையால் மெதுவாக அசைத்துக்கொண்டே போங்கள். பல்ப் மினுங்கும் இடத்தில் நின்று பிரித்துப் பாருங்கள். சேஸிஸ் ஓட்டை வழியே நுழையும் இடம், புகைக்குழாய்க்கு அருகே போகும் இடம், கேபின் சாயும்போது மடியும் இடம் இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

விட்டுவிட்டு வரும் பழுது

கேபின் மடியும் இடத்தில் ஒயர் உள்ளே அறுந்திருக்கும், மேலுறை முழுசாகவே தெரியும். சந்தேகப்படும் ஒயரை இரு பக்கமும் பிடித்து லேசாக இழுங்கள். அறுந்த இடத்தில் மட்டும் அது ரப்பர் போல நீளும்.

காலையில் ஓடி மதியம் நிற்பது பெரும்பாலும் சூட்டால் வருவது. செம்பு ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் சூட்டுக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் எதிர்ப்பைக் கூட்டிக்கொள்ளும். 80 டிகிரி கூடினால் 32 ஓம் காயில் 42 ஓம் ஆகிவிடும். 0.75 ஆம்பியர் இழுத்தது 0.57-க்கு இறங்கும், காந்தத்தின் பலமும் குறையும். நல்ல எர்த்தோடு இருக்கும் காயில் இதைத் தாங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. எர்த்தில் ஏற்கெனவே நாலைந்து வோல்ட் தொலைகிற வண்டி சூடானதும் கைவிட்டுவிடும். அதனால் இப்படிப்பட்ட வண்டியைச் சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும். குளிர்ந்த பிறகு அளந்தால் எல்லாம் சரி என்றே வரும்.

விளக்கு மட்டும் எரியாவிட்டால்

பி.டி.ஓ. உடம்பில் இருக்கும் சிக்னல் சுவிட்ச் பல வண்டிகளில் ஒற்றை ஒயர் வகை, எர்த்தைத் தன் மரை வழியே எடுத்துக்கொள்ளும். ஆயில் கசிவுக்காக மரையில் டேப் சுற்றித் திருகினால் எர்த் விட்டுப்போகலாம். சோதிக்க, ஒயரைக் கழற்றி, அதற்கும் சேஸிஸுக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப்பை வையுங்கள். நேரடியாக ஒயரை சேஸிஸில் தொட வேண்டாம், சப்ளை ஒயராக இருந்தால் ஷார்ட் ஆகும். டேஷ்போர்டு விளக்கு எரிந்தால் ஒயர் நலம், சுவிட்சை மாற்றலாம். ஒயர் இ.சி.எம்.முக்குப் போகும் வண்டியில் இந்தச் சோதனை கூடாது.

கம்ப்யூட்டர் வைத்த வண்டிகள்

புதிய லாரிகளில் டேஷ்போர்டு சுவிட்ச் கரண்டைச் சுமப்பதில்லை, ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியிடம் கோரிக்கை மட்டும் வைக்கும். நிபந்தனைகள் எல்லாம் கேன் லைன் (பெட்டிகள் தங்களுக்குள் செய்தி பரிமாறும் இரட்டை ஒயர்) வழியாக வந்து சேர்ந்த பிறகே அது சோலினாய்டுக்குக் கரண்ட் விடும். இங்கே முதல் வேலை ஸ்கேனரை மாட்டி, ஃபால்ட் கோடு பார்ப்பதும், பார்க்கிங் பிரேக், நியூட்ரல், பி.டி.ஓ. கோரிக்கை ஒவ்வொன்றும் நேரலையில் மாறுகிறதா என்று பார்ப்பதும்தான். கேன் லைன் மேல் சந்தேகம் வந்தால் பேட்டரி இணைப்பைத் துண்டித்துவிட்டு இரண்டு ஒயருக்கும் நடுவே ஓம் பாருங்கள். இரு முனைகளிலும் 120 ஓம் இருப்பதால் சேர்ந்து 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது.

பி.டி.ஓ. சேர்கிறது, ஆனால் இன்ஜின் வேகம் ஏறவில்லை என்று வந்தால் சோலினாய்டைத் தொடாதீர்கள். இ.சி.எம். எதற்காகவோ காத்திருக்கிறது. பி.டி.ஓ. சேர்ந்தது என்ற சிக்னல் வராமல் இருக்கலாம். பிரேக் பெடல் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருப்பதும் அடிக்கடி வருவது: பின்னால் பிரேக் லைட் அணையாமல் எரிகிறதா என்று எட்டிப் பார்த்தாலே தெரியும்.

வண்டியைக் கொடுக்கும் முன்

ஒயரை முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு சேஸிஸில் ஒரு மழைக்காலம் தாங்காது. சரியான அளவு ஸ்லீவ் போட்டு கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் மூடி, ஒயரை உரசாத வழியில் கட்டுங்கள். பச்சை பிடித்த பின்னை முழுதாக மாற்றுங்கள், ஸ்ப்ரே அடித்துத் துடைத்தால் திரும்பி வரும்.

கடைசியாக, அடியில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்து பி.டி.ஓ.வைப் பலமுறை போட்டு எடுங்கள். அப்புறம் அதை எடுத்துவிட்டு, சக்கரக் கட்டைகள் அப்படியே இருக்க, கையேட்டில் சொன்ன நிபந்தனைகளை ஒவ்வொன்றாக மீறிப் பாருங்கள். பார்க்கிங் பிரேக்கை விடுவித்து, பிரேக் பெடலை மிதித்தபடி பி.டி.ஓ. சுவிட்சைப் போடுங்கள். நிறுத்தி வைத்து மட்டும் இயக்கும் வகை வண்டி என்றால் அது சேரக் கூடாது. சேர்ந்தால் யாரோ முன்பு எங்கோ ஒரு துண்டு ஒயரை விட்டுவைத்திருக்கிறார்கள், அதைத் தேடி எடுத்த பிறகே சாவியை டிரைவர் கையில் கொடுங்கள்.